அமெரிக்க மாதிரி முத்திரைகள்

தபால் முத்திரை என்பது ஓர் அரசு தன் மக்களுக்கு எழுதிக் கொடுத்த சிறியதோர் உறுதிச் சீட்டாகும். இதிற் குறித்த தொகை முன்னரே செலுத்தப்பட்டது, ஆகவே இக்கடிதம் உரிய இடத்திற் சேர்ப்பிக்கப்படும் என்பதே அதன் பொருள். அவ்வுறுதியைத் தந்த அரசே, தான் அச்சிட்ட முத்திரையின் முகத்திலே ஒரு சொல்லைக் குறுக்கே பதித்து, அவ்வுறுதியை மீளப் பெற்றுக் கொள்வதும் உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஸ்பெசிமன்’ என வழங்கும். தமிழில் ‘மாதிரி’ எனலாம். எட்டு ஆங்கில எழுத்துகளாலான அச்சொல் வீழ்ந்த மாத்திரத்தில் முத்திரை தபாற் கந்தோரிற் செல்லாக் காசாகி விடுகின்றது. கடிதத்தில் ஒட்டினால் அது வெறுங் காகிதமே. ஆயினும், செல்லாத இச்சீட்டுகளை நாடித் தேடி, அவற்றுக்கெனத் தனி அல்பங்கள் வைத்துப் பேணுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுள்ளும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க முத்திரைகளின் மாதிரிகளைச் சேர்ப்போரின் வேட்கை தனித்துக் கூறத் தக்கது.

இவ்வாறு மாதிரி பதிப்பதற்குக் காரணங்கள் பலவாம். புதிய முத்திரை எத்தகையது என்று பிறர்க்குக் காட்ட வேண்டும். ஆனால் காட்டக் கொடுத்தது கைமாறிக் கடிதத்தில் ஏறிவிடலாகாது. அச்சிடுங் கம்பனி தன் கைத்திறத்தைப் பிற நாட்டு அரசுகளுக்குக் காட்டி வேலை கேட்க வேண்டும்; ஒப்பந்தத்துக்கு விலை கூறுவோர்க்கு எதைப் போல் அச்சிட வேண்டுமென்று ஒரு பிரதி கொடுக்க வேண்டும்; பிற நாட்டுத் தபாற் பகுதியினர் போலியையும் உண்மையையும் பிரித்தறியும் பொருட்டு ஒன்று அனுப்ப வேண்டும். இவை யாவற்றிலும் முத்திரை கண்ணுக்குத் தெரியவும் வேண்டும், பயன்படாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது மேலச்சாகப் பதித்த அந்த ஒரு சொல்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொது முத்திரைகள் 1847 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆந் தேதி வெளிவந்தன. பெஞ்சமின் பிராங்க்ளின் உருவந் தாங்கிய 5 சத முத்திரையும் ஜோர்ஜ் வாஷிங்டன் உருவந் தாங்கிய 10 சத முத்திரையும் அவை. இங்கிலாந்து தன் கறுப்புப் பென்னி முத்திரையை வெளியிட்டு ஏழாண்டுகள் கழிந்திருந்தன. அந்நாளில் அமெரிக்க அரசு முத்திரைகளைத் தானே அச்சிடவில்லை. நாணயத் தாள்கள் செதுக்கிப் பழகிய தனியார் கம்பனிகளிடமே அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. நாஷனல், கொன்ரினென்ரல், அமெரிக்கன் என்னும் மூன்று பாங்க்நோட்டுக் கம்பனிகள் 1861 தொடக்கம் 1894 வரை ஒன்றன்பின் ஒன்றாக அதனைச் செய்தன. 1894 இலேதான் அரசின் சொந்த அச்சகம் அப்பணியைக் கையேற்றது. ஒப்பந்தத்துக்காகப் போட்டியிட்ட கம்பனிகளின் காலமே மாதிரி முத்திரைகள் மலிந்த காலம் என்பது வியப்பன்று. வேலை வேண்டுவோன் கையில் எப்போதும் ஒரு மாதிரி இருக்கத்தானே வேண்டும்!

1889 இல் அடுத்த ஒப்பந்தத்துக்கு விலை கோரியபோது, அப்போது வழக்கிலிருந்த முத்திரைகளிலே ‘சாம்பிள்’ என்றும் ‘சாம்பிள் ஏ’ என்றும் மேலச்சிட்டு அவற்றை மாதிரியாகக் காட்டினர். இவையும் மாதிரிச் சேகரத்தின் ஒரு கிளையே.

எனினும், அமெரிக்க மாதிரிகளின் கதையிற் சுவை மிகுந்த பகுதி 1875 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அதனை அறிவதற்கு இரண்டாண்டு முன்னே செல்ல வேண்டும்.

1873 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் தேதியோடு அமெரிக்காவில் அரசாங்கக் கடிதங்கள் இலவசமாகச் செல்லும் உரிமை நீக்கப்பட்டது. அதுவரை கையொப்பமிட்டால் கடிதம் போகும். இனிமேல் எத்திணைக்களமாயினும் முத்திரை ஒட்டியே அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றும் தன் தபாற் செலவைத் தானே கணக்கிற் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கென ஒன்பது தனி வரிசைகள் அச்சிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: விவசாயத் திணைக்களத்துக்கு மஞ்சள், சனாதிபதி காரியாலயத்துக்குச் செஞ்சிவப்பு, உள்நாட்டுத் திணைக்களத்துக்குச் சிந்தூரம், நீதிக்கு ஊதா, கடற்படைக்கு நீலம், தபாலுக்குக் கறுப்பு, வெளிநாட்டு விவகாரத்துக்குப் பச்சை, திறைசேரிக்குக் கபிலம், யுத்தத் திணைக்களத்துக்கு உரோசா. தபாற் பகுதியினர் தம் முத்திரைகளில் மட்டும் எவர் உருவத்தையும் இடாது, பெரிய எண்களையே நடுவில் வைத்தனர். வெளிநாட்டு விவகாரத் திணைக்களத்துக்கோ 2, 5, 10, 20 டொலர் பெறுமதியுள்ள பெரிய முத்திரைகள் நான்கு அமைந்தன. பச்சைச் சட்டத்தின் நடுவே கறுப்பு மையில் வில்லியம் ஸீவர்ட் என்பாரின் உருவம் அவற்றில் உண்டு. உருசியாவிடமிருந்து அலாஸ்காவை 1867 இல் 72 இலட்சம் டொலருக்கு வாங்கியவர் அவர். வாங்கியபோது பலரால் நகைக்கப்பட்டவரும் அவரே.

இம்முத்திரைகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தவையல்ல. சேகரிப்போர் அவற்றைக் காணலாம். முறைப்படி வாங்க வழியில்லை. அவ்வேளையில் வந்தது நூற்றாண்டு விழா. 1776 இற் சுதந்திரம் பிரகடனஞ் செய்த அமெரிக்கா, நூறாண்டு நிறைவை 1876 இற் பிலடெல்பியா நகரிற் பெரியதொரு கண்காட்சியாகக் கொண்டாட ஆயத்தமாயிற்று. தன் முத்திரைகள் அனைத்தையும் அங்கே காட்டத் தபாற் பகுதி விரும்பியது. அதே வேளை, அதுவரை வெளியிட்ட முத்திரைகள் யாவற்றையும் வேண்டுவோர்க்கு விற்கவும் முடிவு செய்து, 1875 இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. முத்திரையின் முகவிலையே விலை. பசை பூசித் தரப்படமாட்டாது. அரசாங்க முத்திரைகளில் மட்டும் ‘ஸ்பெசிமன்’ எனச் சிறிய எழுத்திற் பதிக்கப்படும். பசையுள்ளதைக் கேட்பதும் அச்சொல் இல்லாததைக் கேட்பதும் வீண் என்றும் அச்சுற்றறிக்கை தெளிவாகவே கூறிவிட்டது.

இங்கே தபாற் பகுதியார் காட்டிய நுட்பம் கவனிக்கத்தக்கது. எல்லா முத்திரைகளிலும் அவர்கள் அச்சொல்லைப் பதிக்கவில்லை. 1847 ஆம் ஆண்டு முத்திரைகளின் பழைய அச்சுப் பலகைகள் இல்லாமையாற் புதிதாகச் செதுக்கி அச்சிட்டனர். அவை தபாலிற் செல்லாதவை என முன்னரே தீர்ந்தவை. 1857 ஆம் ஆண்டு வரிசையோ, உள்நாட்டுப் போர் மூண்ட 1861 இல், தென்பகுதித் தபாற் கந்தோர்களில் எஞ்சிக் கிடந்த முத்திரைகள் பகைவர்க்குப் பணமாகிவிடலாகாது என்ற எண்ணத்தாற் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஒரு சொல்லும் பதியாமலே ஒரு நாட்டின் முத்திரை முழுவதையும் மாதிரியாக்கிவிட்ட செயல் அது! இவற்றுக்கு மேலச்சு தேவையில்லை. 1861 ஆம், 1869 ஆம் ஆண்டு வரிசைகள் செல்லுபடியானவை. முகவிலை கொடுத்து வாங்கியவன் அவற்றைக் கடிதத்தில் ஒட்டினாலும் அரசுக்கு நட்டமில்லை. அரசாங்க முத்திரைகளே இடையில் நின்றன. அவை செல்லும், ஆனால் வாங்குவோன் கையிற் செல்லலாகாது. ஆகவே அவற்றிற்கு மட்டும் அச்சொல் வேண்டியதாயிற்று. நிறத்தோடு நிறம் மயங்காதிருக்கும் பொருட்டு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை முத்திரைகளிற் சிவப்பு மையும், ஏனையவற்றில் நீல மையும் பயன்படுத்தினர்.

வேலை செய்தோர் மனிதரே. அவர்கள் கையும் தவறியது. அச்சுக் கோத்தவர் ஓரிடத்தில் இரண்டாம் எழுத்தையும் மூன்றாம் எழுத்தையும் மாற்றிக் கோத்துவிட்டார். ‘ஸ்பெசிமன்’ என்பது ‘ஸெப்சிமன்’ ஆயிற்று. பிழை கண்டு திருத்தப்படுமுன் பல திணைக்கள முத்திரைகளிலும் அது ஏறிவிட்டது. பிழையில்லாததைத் தேடுவோர் சிலர்; பிழையுள்ளதைத் தேடுவோர் பலர். முத்திரைச் சேகரிப்பில் மட்டுமே அச்சகத்தாரின் கவனக் குறைவுக்கு இத்தனை மதிப்பு உண்டு.

விற்பனை எவ்வாறு நடந்தது? ஒரு சத, இரண்டு சத முத்திரைகள் ஆயிரக்கணக்கிற் சென்றன. சில காசுக்கு ஒன்பது திணைக்களங்களின் நிறங்களையும் அல்பத்தில் அடுக்கி வைக்கலாம் அல்லவா? மதிப்புக் கூடக் கூட வாங்குவோர் குறைந்தனர். ஸீவர்ட் உருவந் தாங்கிய டொலர் முத்திரைகளின் கணக்கோ திகைக்க வைக்கின்றது. ஜோன் லஃப் என்பவர் 1902 இல் வெளியிட்ட அமெரிக்க முத்திரைகள் பற்றிய பெருநூலைப் பின்பற்றி வரும் கணக்கின்படி, 2 டொலர் மாதிரி 7 விற்றது. 5 டொலர் 4. 10 டொலர் 4. 20 டொலர் 2. ஓராண்டிலன்று, திட்டம் நடந்த ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளிலும் சேர்த்தே இவ்வளவு!

இதில் வியப்பதற்கு என்ன உண்டு? 20 டொலர் என்பது அந்நாளில் ஒரு கூலித் தொழிலாளியின் இருவார உழைப்புக்குக் குறையாதது. அத்தொகையைக் கொடுத்து, கடிதத்தில் ஒட்டவும் இயலாத, திருப்பிக் கொடுத்துப் பணம் பெறவும் இயலாத, பசையுமில்லாத ஒரு சிறு காகிதத்தை வாங்கக் கணக்கிற் பதிந்த கொள்வனவு இரண்டே. நான்கையும் ஒருங்கே வாங்கினால் 37 டொலர். அக்காலத்தார் கண்ணுக்கு அது பித்துக்கொள்ளித்தனமாகத் தோன்றியிருக்கும். ஸீவர்ட் அலாஸ்காவை வாங்கியதும் அவ்வாறே தோன்றியது. 1884 இல் அரசாங்க முத்திரைகள் வழக்கொழிந்தன. விற்காது எஞ்சிய விசேட அச்சுப் பிரதிகளும் எண்ணி அழிக்கப்பட்டன. அச்சிட்டவை எத்துணை என்பதன்று, விற்றவை எத்துணை என்பதே அருமையை நிருணயிப்பது. அச்சிட்ட அளவைப் பார்த்து மயங்கியோர் இக்கலையில் ஏமாந்திருக்கின்றனர்.

மாதிரிகளின் மற்றொரு கிளை அனைத்துலகத் தபாற் சங்கத்தோடு தொடர்புடையது. 1874 இல் சுவிட்சர்லாந்திலுள்ள பேர்ண் நகரிற் கூடிய நாடுகள் அச்சங்கத்தை அமைத்தன. 1878 இற் பரிசில் அது இன்றைய பெயரைப் பெற்றது. இலங்கை 1877 இல் அதிற் சேர்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் புதிய முத்திரைகளின் பிரதிகளைப் பேர்ணிலுள்ள பணிமனைக்கு அனுப்ப, அது மற்றைய நாடுகளுக்குப் பகிர்ந்தளிப்பது 1879 முதல் வழக்கமாயிற்று. இலங்கையின் பழைய முத்திரைகளிலும் இலண்டனில் அச்சொல் பதிக்கப்பட்டு இவ்வழியே சென்றமையை இந்நாட்டுச் சேகரிப்போர் அறிவர். போர்த்துக்கேயர் போன்ற சிலர், வந்த பிற நாட்டு முத்திரைகளிலே தங்கள் குறியையும் பதித்து வைத்தனர்.

அமெரிக்கத் தபாற் பகுதி கடந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரிதும் கையாண்டது ஊதா நிறக் கைமுத்திரையாகும். முதலெழுத்து மட்டும் பெரிதாக, ஏனையவை சிறியனவாக, ஈற்றில் ஒரு புள்ளியோடு ‘ஸ்பெசிமன்.’ என அது அமைந்திருக்கும். 1893 இல் வெளிவந்த கொலம்பஸ் நினைவு வரிசையிலும் அதனைக் காணலாம். ஒரு சதம் முதல் 5 டொலர் வரை பதினாறு முத்திரைகள் கொண்டது அவ்வரிசை. முகவிலை மட்டும் கூட்டினால் 16 டொலர் 34 சதம். அன்றைய சேகரிப்போர் இது தங்கள் மடியை அவிழ்க்கும் சூழ்ச்சி என முணுமுணுத்தனர். 1898 ஆம் ஆண்டின் மிசிசிப்பி அப்பால் நாட்டுக் கண்காட்சி வரிசை ஒன்பதிலும், அதனையடுத்த வரிசைகளிலும் ஊதாச் சொல் தொடர்ந்தது. 1897 இல் தபாற் சங்கத்தின் பேரவை வாஷிங்டனிற் கூடியபோது, வந்த பிரதிநிதிகளுக்கென அப்போதைய முத்திரைகளில் ‘அனைத்துலகத் தபாற் பேரவை’ என ஆங்கிலத்திற் பதித்து 125 தொகுதிகள் ஆக்கப்பட்டன. மாதிரியோடு மரியாதையும் கலந்த பரிசு அது.

ஊதாச் சொல் ஒரு வழக்கிலும் சிக்கியது. 1901 இல் பஃபலோ நகரிற் சகல அமெரிக்கக் கண்காட்சி நடந்தது. அதன் பொருட்டு ஆறு இருநிற முத்திரைகள் வெளிவந்தன. சட்டம் ஒரு நிறத்தில்; நடுவிலுள்ள கப்பல், இரயில், மோட்டார் வண்டி முதலியன கறுப்பில். இரண்டு தரம் அச்சேறவேண்டியமையால், சில தாள்கள் தலைமாறிச் சென்று, ஒரு சத, இரண்டு சத முத்திரைகளில் நடுப்படம் தலைகீழாகி விற்பனைக்கும் வந்துவிட்டன. இச்செய்தி மூன்றாம் துணைத் தபாலதிபதியாயிருந்த எட்வின் மடென் காதுக்கு எட்டியது. 4 சத முத்திரையிலும் அவ்வாறு நேர்ந்ததென்ற வதந்தியை நம்பி அவர் கேட்க, அச்சகத்தார் வேண்டுமென்றே மோட்டார் வண்டியைத் தலைகீழாக வைத்து அச்சிட்டுக் கொடுத்தனர். தபாற் கந்தோரில் ஒருவரும் வாங்கியிராத பிழை அரசின் கட்டளையாற் பிறந்தது! அவற்றுட் சிலவற்றில் ‘ஸ்பெசிமன்.’ என்னும் ஊதாக் கைமுத்திரை பதிந்தது, சிலவற்றிற் பதியவில்லை. மடென் சிலவற்றைத் தம் நண்பர்க்கு அன்பளிப்பாக வழங்கினார். செய்தி வெளியாகி, விசாரணையும் நடந்தது.

மக்கள் சொத்தை ஓர் உத்தியோகத்தர் தோழமைக்காக வழங்கலாமா என்பதே அங்கெழுந்த கேள்வி. அது முத்திரைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஆயின், அந்த ஊதாச் சொல் இருந்த முத்திரைக்கும் இல்லாத முத்திரைக்கும் பிற்காலத்தில் விலை பல மடங்கு வேறுபட்டமை சேகரிப்போரை நேரே தாக்குவது. சொல் இல்லாததற்கே விலை அதிகம். அப்படியானால், இருக்கும் சொல்லைக் கழுவிவிட்டால் என்ன என்ற எண்ணம் ஒருவனுக்கு எழாதோ?

எழுந்தது. மாதிரிச் சேகரிப்பின் நிழற் பகுதி அதுவே. அரை நூற்றாண்டுக்கு மேலாக மாதிரிகளை உண்மை முத்திரையாகவே பலர் கருதவில்லை. அல்பத்தில் அவற்றுக்கு இடமில்லை. விலைப்பட்டியலிலோ கடைசிப் பக்கம். கொலம்பஸ் வரிசையின் உயர் மதிப்பு முத்திரை ஊதாச் சொல்லோடு கிடந்தால், அதன் மேல் இரசாயனம் தடவிச் சொல்லைப் போக்கித் தூய முத்திரையென விற்பதே இலாபம் என்றிருந்த கைகள் உண்டு. காலம் மாறியது, சில மாதிரிகள் சாதாரண முத்திரையிலும் அரியன எனப் புலப்பட்டது. உடனே மோசக்காரர் திசையை மாற்றினர். இப்போது சாதாரண அரசாங்க முத்திரையை எடுத்து, அதன் மேல் ‘ஸ்பெசிமன்’ என அச்சிடத் தொடங்கினர். முன்னே அழித்தவர்கள், பின்னே எழுதினார்கள். ‘ஸெப்சிமன்’ என்ற பிழையையும் பிழையின்றிப் பொய்யாக அச்சிட்டனர்!

இவ்விரு மோசங்களையும் கண்டறிவதற்குத் தேர்ந்தோர் கையாளும் வழிகள் எளியன. முதலாவது அளவு. மேலச்சுகளின் வகைகள் நீளத்தாலும் எழுத்தின் வடிவத்தாலும் விலைப்பட்டியலிற் பிரிக்கப்பட்டுள்ளன. 12 மில்லிமீற்றர் நீளமுடையதுண்டு, 15 உண்டு, 30 உண்டு. எந்த வரிசையில் எந்த வகை, எந்த நிற மை என்பது வரையறுக்கப்பட்டது. நீல மை இருக்க வேண்டிய திறைசேரி முத்திரையிற் சிவப்பைக் கண்டால் ஐயுறவேண்டும். இரண்டாவது பசை. 1875 ஆம் ஆண்டு அரசாங்க மாதிரிகள் பசையின்றி வந்தவை. அவற்றின் பின்புறத்தில் மூலப் பசை இருந்தால், முத்திரை சாதாரணமானது, சொல் மட்டும் பின்னர் வந்தது. மூன்றாவது, தபாற் கந்தோரின் அழிப்புக் குறி. மாதிரி எக்கடிதத்திலும் சென்றிராது. அழிப்புக் குறியின் மேலே சொல் ஏறியிருக்கக் கண்டால், கடிதத்திற் சென்று திரும்பிய பின் எவனோ அதனை மாதிரியாக்கினான் என்பது வெளிப்படை.

கழுவியதைக் காண்பது சற்றுக் கடினம். செதுக்கி அச்சிட்ட முத்திரைகளில் மை காகிதத்தின் மேல் மெல்லிய மேடாக நிற்கும்; விரல் நுனியிலும் உணரலாம். இரசாயனம் தடவிய இடத்தில் அம்மேடு சிதைந்து, நிறமும் மங்கும். சாதாரண ஒளியிற் புலப்படாத ஊதா மையின் எச்சம், புற ஊதாக் கதிரின் கீழே நிழல் போலத் தோன்றுவதும் உண்டு. ஐயமுள்ளவற்றை நிபுணர் கழகங்களுக்கு அனுப்பிச் சான்றிதழ் பெறுதல் முறை. 1886 இல் அமைந்த அமெரிக்க முத்திரைச் சேகரிப்போர் சங்கமும், 1945 இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட பிலற்றெலிக் நிலையமும் இப்பணியிற் பேர்பெற்றவை. சான்றிதழுக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவெனக் கருதி வாங்கி ஏமாந்தவன், கட்டணத்திலும் பன்மடங்கு இழந்தவனாவான்.

புதிதாய்த் தொடங்குவோன் ஸீவர்ட்டின் 20 டொலரைக் கனவிலும் நாடவேண்டுவதில்லை. ஒரு சத அரசாங்க மாதிரிகள் இன்றும் பெரும் பொருள் வேண்டாதன. திணைக்களத்துக்கு ஒன்றாக ஒன்பது முத்திரை சேர்ந்தாலே, ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் ஏறிய அழகு கண்ணை நிறைக்கும். பேணுவதிலும் சில விதிகள் உள. ஊதாக் கைமுத்திரையுள்ள முத்திரையை நீரில் இடுதல் ஆகாது. அம்மை கரையக் கூடும். பழைய ஒட்டுச்சீட்டை இழுத்துப் பிய்க்கலாகாது. சாவணத்தாற் பற்றி எடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழே வைத்து, முதலில் அந்த எட்டு எழுத்தையும் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். இரண்டாவது எழுத்தும் மூன்றாவது எழுத்தும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை மறவாது பார்த்தல் நன்று. ஏனெனில், விற்றவர் பார்த்திருக்கமாட்டார்.